றியோ கிறாண்டேக் கரையிற் கலப்புமொழி இலக்கியம்

ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்துக்கும் மெக்சிக்கோ நாட்டுக்கும் இடையே எல்லையாய் ஓடுவது றியோ கிறாண்டே என்னும் ஆறு. தென்கரையார் அதனையே றியோ பிறாவோ என்பர். 1848ஆம் ஆண்டு பெப்ரவரி 2ஆம் நாள் எழுதப்பட்ட குவாடலூப்பே இடால்கோ உடன்படிக்கை அந்த ஆற்றையே எல்லையென உறுதிசெய்தபொழுது, வடகரையில் வாழ்ந்த ஸ்பானிய மொழியினர் தாம் இருந்த இடம்விட்டுப் பெயராமலே வேற்றாட்சியின் கீழ் வந்தனர். அரசினதும் வாணிகத்தினதும் மொழி ஆங்கிலமாயிற்று; அடுக்களை மொழி ஸ்பானியமாகவே நின்றது. இரண்டுக்கும் நடுவே, வயலிலும் கடையிலும் தெருவிலும் வளர்ந்த கலப்பு வழக்கே ரெக்ஸ்-மெக்ஸ் எனப்படுவது.

அதனைப் பேசுவோர் இருதிசையிலிருந்தும் இகழப்பட்டனர். வடக்கிலுள்ளோர் அதனை ஆங்கிலம் கல்லாதாரின் பிதற்றல் என்றனர். தெற்கிலுள்ள கற்றோர், தாய்மொழியைக் கெடுத்துக்கொண்டோர் பேச்சென எள்ளிப் பேசுவோரைப் ‘போச்சோ’ எனப் பெயரிட்டழைத்தனர். இகழ்ச்சி சொல்லளவில் நின்றிருப்பின் கேடு சிறிதே. 1918இல் இயற்றப்பட்ட ரெக்சாஸ் சட்டம் பொதுப் பாடசாலைகளில் ஆங்கிலமல்லாத மொழியிற் கற்பிப்பதைக் குற்றமாக்கியது. பாடசாலை முற்றத்தில் ஸ்பானியம் பேசிய சிறுவர் தண்டிக்கப்பட்டனர். அவ்வழக்கம் எத்துணைப் பரவியிருந்தது என்பதை ஐக்கிய அமெரிக்கக் குடியியல் உரிமைகள் ஆணைக்குழு 1972இல் வெளியிட்ட அறிக்கை எடுத்துக்காட்டுகின்றது. மத்திய அரசின் இருமொழிக் கல்விச் சட்டம் 1968இலேதான் வந்தது. அதன் மறு ஆண்டில் ரெக்சாஸும் தன் சட்டத்தை மாற்றிக்கொண்டது.

ஆசிரியன்மார் இவ்வாறு நடந்ததற்கு அறிஞர் கூற்றும் அரணாயிருந்தது. மொழித் தொடர்பு பற்றி 1953இல் அரியதொரு நூல் எழுதிய ஊரியல் வைன்றைக்கும், சிறந்த இருமொழியாளன் சூழ்நிலை மாறுமிடத்தே மொழி மாறுவான், ஒரு வாக்கியத்தினுள்ளே மாறான் எனக் கொண்டார். அக்கொள்கை நிலைபெறவில்லை. ஷானா பொப்லாக் என்பார் நியூயோர்க் நகரத்துப் புவேர்ட்டோ றிக்கோ மக்களிடை ஆராய்ந்து 1980இல் வெளியிட்ட கட்டுரை, வாக்கியத்தின் நடுவே மிகுதியாக மொழி மாறுவோர் இரு மொழியிலும் வல்லவரே எனக் காட்டிற்று. வல்லமை குறைந்தோர் வாக்கியத்தின் விளிம்பில் ஓர் அசைச்சொல்லை மாற்றுவதோடு நின்றனர். ஆங்கிலத்தில் அடை முன்னும் பெயர் பின்னுமாக வரும்; ஸ்பானியத்திற் பெரும்பாலும் பெயர் முன்வரும். இவ்வாறு ஒழுங்கு முரணும் இடத்திற் பேசுவோர் மொழி மாறுவதில்லை. ஒழுங்கு ஒத்த இடத்திலேயே மாறுகின்றனர். பிற மொழியிணைகளில் இவ்விதிக்கு விலக்குகள் பின்னர்க் காட்டப்பட்டன. எனினும், கலப்பு என்பது வாய்க்கு வந்தவாறு பேசுதல் என்னும் கருத்து அத்துடன் ஒழிந்தது.

எல்லைப்புற வழக்கின் சொற்களை நோக்கினும் இதுவே புலனாகும். ஊர்தியை ஓரிடத்தில் நிறுத்துதலைக் குறிக்கும் ‘பார்க்’ என்னும் ஆங்கில வினை அங்கே ‘பார்க்கியார்’ என ஸ்பானிய விகுதி பெற்று, காலமும் இடமும் எண்ணும் காட்டி ஸ்பானிய வாய்பாட்டின்படியே திரியும். ‘ட்ரக்’ என்னும் பார ஊர்தி ‘த்றோக்கா’ எனப் பெண்பாற் பெயராகிவிட்டது. ‘கார்ப்பெட்டா’ என்பது செந்தர ஸ்பானியத்தில் தாள்களை இட்டுவைக்கும் கோப்புறை. எல்லைப்புறத்திலோ நிலத்தில் விரிக்கும் கம்பளம். இவற்றோடு, ‘அன்சீனா’, ‘த்றூஹே’ போலப் பழைய ஸ்பானிய நூல்களிற் பயின்று பின்னர் நகரத்தார் கைவிட்ட சொற்களும் அவ்வழக்கில் உயிரோடு உள்ளன. அவற்றையும் பிழையென்றே அடித்தனர் ஆசிரியர்!

தமிழ் கற்றார்க்கு இவ்விடத்தில் மணிப்பிரவாளம் நினைவுக்கு வருதல் இயல்பு. ஒப்புமை சிறிது தூரமே செல்லும். வைணவ உரையாசிரியர் கையாண்ட கலப்பு நடை, இரு மொழிப் புலமையும் நிரம்பியோர் தம்போன்றார்க்கு எழுதியது. அதனை எவரும் கல்லாமை என்றிலர். ரெக்ஸ்-மெக்ஸோ பருத்தி பறிப்போரும் பாரம் ஏற்றுவோரும் ஆக்கியது. இலக்கணம் இரண்டுக்கும் உண்டு; மதிப்பு ஒன்றற்கே கிடைத்தது.

ஆயினும் ஒரு வழக்குக்கு இலக்கணம் உண்டெனக் காட்டுதல் வேறு. அவ்வழக்கில் இலக்கியம் எழுதுதல் வேறு. பின்னதற்கு இரு நூல்களை எடுத்து நோக்கலாம்.

முதலாவது, குளோறியா அன்சல்டுவா 1987இல் வெளியிட்ட ‘எல்லைநிலங்கள்’ என்னும் பொருளுடைய நூல். 1942இற் தென் ரெக்சாஸிற் பிறந்து 2004இல் மறைந்த இவர், பாடசாலை இடைவேளையில் ஸ்பானியம் பேசியமைக்காக விரல்மொழியில் அடிபட்டவர். தம் மக்கள் பேசுபவையென எட்டு மொழிவகைகளை அந்நூலில் அடுக்கிக்காட்டுகின்றார்; ஓயாது மொழிபெயர்த்துக் கூறவேண்டிய நிலை நீங்கும்வரை தம் மொழி முறையற்ற பிள்ளை போன்றதே எனக் குமுறுகின்றார். அக்குமுறல் நியாயமானது. ஆனால் நூலின் உரைநடைப் பகுதி பெரும்பாலும் ஆங்கிலமே. இடையிடையே வரும் ஸ்பானியத் தொடர்கள் பலவற்றைப் பொருள் பின்தொடர்கின்றது. மொழிபெயர்ப்பின்றி நீளும் ஸ்பானியத்தைப் பிற்பகுதிக் கவிதைகளிலேயே மிகுதியும் காணலாம். கலப்பு வழக்கின் உரிமையை முழங்கும் நூல், அதனைப் பேசுவதிலும் சுட்டிக்காட்டுவதிலேயே பெரிதும் நிற்கின்றது. இதற்கு விலக்கான இடம் ஒன்று உண்டு. மகள் நல்ல ஆங்கிலம் பேசவேண்டுமென அறிவுறுத்தும் தாய், ஆங்கிலத்தில் தொடங்கி, தன்னையறியாமலே ஸ்பானியத்துக்கு மாறி, ஆங்கிலத்தின் பயனை அதில் எடுத்துரைக்கின்றாள். எட்டு மொழிகளின் பட்டியல் சொல்லாத துயரம் முழுவதையும் அந்த ஒரு மாற்றம் சொல்லிவிடுகின்றது.

அவ்விடத்திற் கண்ட ஆற்றலை ஒரு நாவல் முழுவதிலும் கண்டவர் றொலாண்டோ இனொஹோசா. 1929இல் ரெக்சாஸின் மெர்சேடிஸ் என்னும் ஊரிற் பிறந்து 2022இல் மறைந்த இவர், கிளேல் சிற்றி என்னும் கற்பனையூரை வைத்துத் தொடராகப் பல நாவல்கள் எழுதினார். அவற்றுள் ஒன்று 1976இற் கியூபாவின் காசா டெ லாஸ் அமெரிக்காஸ் பரிசினைப் பெற்றது. 1981இல் வந்த ‘மி கெரிடோ றாபா’, அஃதாவது ‘என் அன்புள்ள றாபா’, கலப்பு வழக்கைக் கொடியாக உயர்த்தவில்லை, கருவியாகக் கையாளுகின்றது. முற்பகுதி, வங்கியிற் பணிபுரியும் ஹேயு மலகாரா, மருத்துவமனையிற் கிடக்கும் தன் மைத்துனன் றாபா புவென்றொஸ்ட்ரோவுக்கு எழுதும் கடிதங்கள். (மலகாரா என்பதற்குத் ‘தீமுகம்’ என்றும் புவென்றொஸ்ட்ரோ என்பதற்கு ‘நன்முகம்’ என்றும் பொருள், ஆசிரியரின் குறும்பு பெயரிலேயே தொடங்குகின்றது.) வங்கித் தலைவர் நொடி பேர்க்கின்ஸின் சூழ்ச்சிகளும் தேர்தற் பேரங்களும் பேசப்படுமிடத்து ஆங்கிலம் புகுகின்றது, உறவும் நையாண்டியும் ஊர்ப்பழியும் ஸ்பானியத்தைத் தேடிச்செல்கின்றன. கடிதம் எழுதுவோனுக்கும் படிப்போனுக்கும் இரண்டும் சொந்தமாதலின், விளக்கம் எங்கும் இல்லை. எவ்விடத்தில் மொழி மாறுகின்றதோ அவ்விடத்தில் எழுதுவோன் மனம் எப்பக்கம் சாய்கின்றது என்பது தெரிகின்றது. நாவலின் கதையிற் பாதி இம்மாற்றங்களிலேயே நடக்கின்றதெனின் மிகையாகாது.

பிற்பகுதியில் ஹேயு வங்கியை விட்டு அகன்றுவிடுகின்றான். காரணம் யாது? காலிண்டோ என்னும் எழுத்தாளன் ஊரவரை ஒவ்வொருவராகக் கண்டு வினவுகின்றான். ஆங்கிலம் பேசுவோர் ஆங்கிலத்திலும் மெக்சிக்க மரபினர் பெரும்பாலும் ஸ்பானியத்திலும் விடை கூறுகின்றனர். ஒருவன் திருடினான் என்கின்றான். இன்னொருவன் பெண் விவகாரம் என்கின்றான். ஒரு மொழி மட்டும் அறிந்த வாசகன் சாட்சிகளிற் பாதியைத்தான் கேட்பான். ஊரிலும் அப்படியே; ஒரு கரையார் பேச்சு மறுகரையார் செவியில் விழுவதில்லை.

1985இல் இனொஹோசா தாமே அந்நாவலை ‘டியர் றேஃப்’ என ஆங்கிலத்தில் மீண்டும் எழுதினார். வாசகர் தொகையை நோக்கின் அவரைக் குறைகூறுதற்கில்லை. முதல் நூலைத் தடையின்றிப் படிக்கவல்லார், எல்லைப்புறத்தாரும் அவரொத்த சிலருமே. கதையும் மாந்தரும் நகைச்சுவையும் ஆங்கில நூலிலும் உள. ஆனால் அங்கே எல்லாச் சாட்சிகளும் ஒரே மொழியிற் பேசுகின்றனர். முதல் நூலில் ஊரார் எவருக்கும் முழுதாகக் கிட்டாத உண்மையை இரு மொழியும் அறிந்த வாசகன் ஒருவனே சேர்த்தெடுக்கவேண்டியிருந்தது. இரண்டாவதில் அவ்வேலை அவனுக்கு இல்லை.