எடுத்துக் கொடுக்க ஓர் ஆள்

‘கோபல்ல கிராமம்’ நாவலை மூன்றாம் தடவையாகப் படித்து முடித்தேன். கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன் எழுதி 1976-ல் வெளிவந்தது. இந்தத் தடவை என் கவனமெல்லாம் மங்கத்தாயாரு அம்மாள் மேல்தான். தெலுங்கு தேசத்திலிருந்து கரிசல் காட்டுக்கு ஓடிவந்த ஒரு கூட்டத்தின் கதை, நூறு வயதைத் தாண்டிய அந்தக் கிழவியின் ஞாபகத்தில் இருக்கிறது.

இப்படிப் படித்ததற்குக் காரணம் என் பெரியம்மா. காலையில் குடித்த கம்மங்கூழை மத்தியானம் மறந்துவிடுகிறாள். எந்தப் புஞ்சையில் எந்த வருஷம் பருத்தி நன்றாக வெடித்தது என்பது மறக்கவில்லை. மின்சாரம் கொடுத்தால் ஞாபகசக்தி கூடுமாம் என்று கேள்விப்பட்டு, அவள் மகன், “மெட்ராசுக்குக் கூட்டிட்டுப் போவமா தம்பி?” என்றார்.

அவர் கேள்விப்பட்டது பொய்யல்ல. அமெரிக்காவில் பாஸ்டன் சர்வகலாசாலையைச் சேர்ந்த ராபர்ட் ரைன்ஹார்ட் குழுவினர் 2022-ல் பிரசுரித்த ஆராய்ச்சி அது. 65 முதல் 88 வயது வரையுள்ள 150 பேர் கலந்துகொண்டார்கள். தலைக்கு வெளியே மின்முனைகளைப் பொருத்தி, நாள் ஒன்றுக்கு 20 நிமிஷமாக நான்கு நாட்கள் மெல்லிய மின்சாரம் செலுத்தினார்கள். 20 வார்த்தைகளைப் படித்துக் காட்டித் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். மின்சாரம் பெற்றவர்களுக்கு வார்த்தைகள் கூடுதலாக நினைவில் நின்றன. ஒரு மாதம் கழித்தும் பலன் தெரிந்தது. ஆனால் அவர்கள் மறதி நோயாளிகள் அல்ல.

மங்கத்தாயாருவிடம் யாரும் பட்டியல் ஒப்பிக்கச் சொல்லவில்லை. அவளுக்குக் கேட்க ஆள் இருக்கிறது. கேட்கிற காதுதான் கிழவியின் ஞாபகத்தைத் தாங்குகிறது என்பதைக் கண்டுகொண்டதே கி.ரா.வின் பெரிய வெற்றி என்பது என் அபிப்பிராயம்.

ஒரு குறையையும் சொல்லத்தான் வேண்டும். வயது அவள் உடம்பில் தெரிகிற அளவுக்கு அவள் கதையில் தெரியவில்லை. நூல் அறுபடாமல் வருகிறது. ஒரு பெயர் நழுவி, அவள் தவித்து நிற்கிற ஓர் இடம் வலுவாக அமைந்திருந்தால், என் பெரியம்மாவுக்கும் அந்த நாவலில் ஒரு திண்ணை கிடைத்திருக்கும்.

அண்ணனிடம், முதலில் இங்கேயே டாக்டரிடம் காட்டுவோம் என்றேன். தைராய்டுக் கோளாறு, பி12 சத்துக் குறைவு என்று மறதிக்குச் சரிசெய்யக்கூடிய காரணங்களும் உண்டு.

நேற்றுச் சாயங்காலம் பெரியம்மா பருத்திக் கதையை ஆரம்பித்தாள். பாதியில் தன் தங்கையின் பெயர் வரவில்லை. அது என் அம்மாவின் பெயர். நான் எடுத்துக் கொடுத்தேன். என்னை ஒரு தரம் உற்றுப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள்.