ஜான் ஆடம்ஸ் மனைவிக்கு எழுதிய மடல்கள்: ஒரு கணக்குப் பார்வை

அரசியலில் பெரும்பெயர் பெற்றவர்களின் கடிதங்கள் பல மொழிகளில் நூலாக வந்திருக்கின்றன. பெரும்பாலும் அவை நண்பருக்கோ, கட்சிக்காரருக்கோ, பிள்ளைகளுக்கோ எழுதியவை. மனைவிக்கு எழுதியவை குறைவு. மனைவி எழுதிய பதிலும் சேர்ந்து கிடைப்பது அதைவிடக் குறைவு. அமெரிக்காவின் இரண்டாவது குடியரசுத் தலைவர் ஜான் ஆடம்ஸும் அவர் துணைவியார் அபிகெயில் அம்மையாரும் எழுதிக்கொண்ட மடல்கள் அப்படி இருபுறமும் கிடைத்தவை. 1762 முதல் 1801 வரை எழுதியவற்றில் 1,100-க்கு மேல் மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தில் பாதுகாக்கப்படுகின்றன. 1774 முதல் 1777 வரை காங்கிரஸ் கூட்டத்துக்காக ஆடம்ஸ் வீட்டைப் பிரிந்திருந்த நாட்களின் மடல்களை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

இவற்றைப் புகழ்கிறவர்கள் இரண்டு விதம். ஒரு சாரார் சரித்திர ஆவணம் என்பார்கள். இன்னொரு சாரார் சமமான இருவரின் காதல் மடல்கள் என்பார்கள். நான் பட்டம் வாங்கிய ஆராய்ச்சியாளன் இல்லை. பேரேடு எழுதிய கையோடு புத்தகமும் புரட்டி வந்தவன். எனக்கு இவை பற்றும் வரவும் இருபக்கமும் எழுதிய ஒரு கணக்காகவே தெரிகின்றன. பொது வாழ்வுக்குப் போகிறவருக்காக வீடு கொடுக்கும் விலையை யாரும் ஏட்டில் ஏற்றுவதில்லை. இங்கே அது ஏறியிருக்கிறது, அதுவும் அந்த அம்மையார் கையாலேயே. இந்த மடல்களின் உயர்வு அதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் நிலைமையைப் பாருங்கள். 1774 ஆகஸ்ட் 10-ஆம் தேதி ஆடம்ஸ் பிலடெல்பியாவுக்குப் புறப்பட்டார். பாஸ்டனுக்குப் பக்கத்தில் பிரெயின்ட்ரீ என்ற ஊரில் நிலமும் நாலு பிள்ளைகளும் மனைவி பொறுப்பு. இடையே சுமார் 500 கிலோமீட்டர். குதிரை மேல் வரும் கடிதம் வந்தால் உண்டு. போதாக்குறைக்கு, காங்கிரஸ் நடவடிக்கைகளை வெளியே சொல்லக்கூடாது என்று உறுப்பினர்களுக்குக் கட்டுப்பாடு. 1775 ஜூலையில் ஆடம்ஸ் எழுதிய கடிதங்கள் ஆங்கிலேயர் கையில் சிக்கின. மனைவிக்கு எழுதியதும் அதில் ஒன்று. பத்திரிகையில் அச்சாகி அவருக்குப் பெரிய சங்கடம் ஆயிற்று.

முக்கியமான விஷயத்தைச் சொல்ல முடியாத மனிதர் வேறு என்ன எழுதுவார்? அலுப்பை எழுதினார். 1774 அக்டோபரில், இங்கே எல்லோரும் பேச்சாளர், எல்லோரும் மேதாவி, மூணும் ரெண்டும் அஞ்சு என்று ஒரு தீர்மானம் வந்தால்கூட ரெண்டு நாள் தர்க்கம் பண்ணித்தான் நிறைவேற்றுவார்கள் என்று கேலி செய்கிறார். சட்டமன்றம் எதையும் பார்த்தவர்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. ஆடம்ஸின் நடை சிறப்பாக இருப்பது இத்தகைய இடங்களில். மற்றபடி உடம்பு சரியில்லை, வேலை அதிகம் என்ற முறையீடு ஜாஸ்தி. பல கடிதங்கள் நாலு வரிதான். அம்மையாரே கடிதம் சின்னதாக இருக்கிறது என்று குறைப்பட்டிருக்கிறார்.

அம்மையார் பக்கம் திருப்பினால் சரக்கு கனமாக இருக்கிறது. 1775 ஜூனில் குண்டூசி ஒரு கட்டு வாங்கி அனுப்பும்படி கேட்கிறார். ஏழரை ஷில்லிங் விற்றது இருபது ஆகிவிட்டதாம். போர் என்றால் என்ன என்பதை இந்த ஒரு விலை சொல்லிவிடுகிறது. அதற்கு அடுத்த சில நாளிலேயே பங்கர் ஹில் சண்டை. குடும்ப நண்பர் டாக்டர் ஜோசப் வாரன் அதில் மாண்ட செய்தியை எழுதுகிறார். அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் ஊரெங்கும் சீதபேதி. அக்டோபர் 1-ஆம் தேதி தாயாரையும் பறிகொடுத்தார்.

1777 ஜூலை இறுதியில் எழுதிய ஒரு மடலை வியாபாரிகள் அவசியம் படிக்க வேண்டும். பாஸ்டனில் ஒரு பணக்கார வியாபாரி காப்பிக்கொட்டையைப் பதுக்கி வைத்து, ராத்தல் ஆறு ஷில்லிங்குக்குக் குறைத்துத் தரமாட்டேன் என்றாராம். நூறு பெண்கள் வண்டியோடு போய்ச் சாவி கேட்டார்கள். அவர் மறுத்தார். ஒரு பெண் அவர் கழுத்தைப் பிடித்துத் தூக்கி வண்டியில் போட்டாள். சாவி வந்தது, சரக்கு போயிற்று. ஆண்கள் கூட்டமாக நின்று வாயடைத்துப் பார்த்தார்கள். நானும் மூட்டை அடுக்கி விற்றவன்தான். படிக்கும்போது கை தானாகக் கழுத்துக்குப் போகிறது! ஆனால் நடையைக் கவனியுங்கள். கோபமில்லை, உபதேசமில்லை, நடந்ததை வரிசையாகச் சொல்லி நிறுத்திவிடுகிறார். காங்கிரஸுக்கு விலைவாசி நிலவரம் இதைவிடத் தெளிவாக யார் சொல்லியிருக்க முடியும்?

ஆடம்ஸுக்கு இது தெரியாமல் இல்லை. 1776 மே மாதம், தான் இல்லாதபோதுதான் வீட்டு நிர்வாகம் நன்றாக நடக்கிறது என்று ஊரார் நினைத்துவிடுவார்களோ என்று வேடிக்கையாகப் பொறாமைப்படுகிறார். ஜூன் மாதம் ஒரு பெரிய ஏடு வாங்கி, இனி தன் கடிதங்களுக்கு நகல் வைக்கத் தீர்மானிக்கிறார். உன் கடிதங்கள்தாம் என்னுடையவற்றைவிடக் காப்பாற்றத் தக்கவை என்ற கருத்தையும் அப்போது எழுதுகிறார். கடை வைத்தவர்களுக்குக் கடித நகல் ஏட்டின் அருமை தெரியும். 

1776 ஜூலை 3-ஆம் தேதி மடல் மிகப் பிரசித்தம். சுதந்திரத் தீர்மானம் நிறைவேறிய ஜூலை 2-ஆம் நாளை வருங்காலத் தலைமுறைகள் கொண்டாடும் என்று எழுதினார். கொண்டாடுகிறார்கள், ஆனால் பிரகடனம் ஏற்கப்பட்ட 4-ஆம் தேதியை. பதினெட்டாம் தேதி பாஸ்டனில் பிரகடனம் வாசிக்கப்பட்டபோது அம்மையார் அங்கேதான் இருந்தார். வந்தது கொண்டாட்டத்துக்கு அல்ல, நாலு பிள்ளைகளோடு அம்மைக்குத் தடுப்புக் குத்திக்கொள்ள. மறு ஆண்டு ஜூலையில் பிறந்த பெண் குழந்தை இறந்தே பிறந்தது. அப்போதும் கணவர் பிலடெல்பியாவில். தொல்காப்பியம் தலைவன் பிரிவுக்கு ஓதல், பகை, தூது, பொருள் என்று காரணம் வகுக்கிறது. நம் அகப்பாட்டுத் தலைவி பிரிவில் வாடுவாள். அபிகெயிலும் வாடினார், ஆனால் விதைப்பு, கூலி, வரி என்று வாட நேரமில்லாமல் வாடினார்.

இனி இந்த மடல்களின் குறை. 1776 மார்ச் 31-ஆம் தேதி அம்மையார் ஒரு கோரிக்கை வைத்தார். புதுச் சட்டம் இயற்றும்போது பெண்களையும் நினைவில் கொள்ளுங்கள், கணவர்களுக்கு வரம்பற்ற அதிகாரம் தராதீர்கள் என்பது அது. மணமான பெண்ணுக்குத் தன் பெயரில் சொத்து நிற்காத காலம். ஏப்ரல் 14-ஆம் தேதி பதிலில் ஆடம்ஸ் சிரித்துவிட்டார்; ஆண்கள் பெயருக்குத்தான் எஜமானர்கள் என்று வேடிக்கை பேசினார். அந்தக் காலத்து மனிதர், அந்தக் காலத்து வேடிக்கை என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். என்னால் ஏற்க முடியவில்லை. காரணம், மே 26-ஆம் தேதி ஜேம்ஸ் சல்லிவன் என்ற மாசசூசெட்ஸ் பிரமுகருக்கு எழுதிய கடிதத்தில், பெண்களுக்கு ஏன் வாக்குரிமை இல்லை என்ற கேள்வியை அதே ஆடம்ஸ் சிரிக்காமல், நியாயம் எடுத்துவைத்து விவாதிக்கிறார். முடிவு பெண்களுக்குச் சாதகமில்லை. ஆனாலும் கேள்வியை மதித்திருக்கிறார். ஆடவருக்குக் கொடுத்த அந்த மரியாதையை, தன் நிலத்தையும் பிள்ளைகளையும் காத்த மனைவிக்குக் கொடுக்கவில்லை. சமமானவர்களின் மடல்கள் என்ற புகழ்ச்சி இந்த இடத்தில் நிற்காது.

அம்மையார் சும்மா இருக்கவில்லை. நாடுகளுக்கெல்லாம் விடுதலை பேசுகிறீர்கள், மனைவிமேல் அதிகாரத்தை மட்டும் விடமாட்டேன் என்கிறீர்கள் என்ற பொருளில் மே 7-ஆம் தேதி திருப்பிக் கேட்டார். 1816-இல், சட்டம் இடம் கொடாதபோதும் தானே ஓர் உயில் எழுதி, தன்னுடையது என்று கருதியதைப் பெரும்பாலும் பெண்களுக்கே பங்கிட்டார். கணவர் தீர்க்காமல் விட்ட பாக்கியைத் தானே தீர்த்துக்கொண்டார் என்றே நான் கொள்கிறேன்.

ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கும் நம் குடும்பங்களில் பலவற்றில் இருவர் இரண்டு இடத்தில் இருந்த காலம் உண்டு. சம்பாதிக்கப் போனவர் எழுதிய கடிதம் வீட்டுப் பெட்டியில் பத்திரமாக இருக்கும். வீட்டில் இருந்தவர் எழுதியது அறை மாறும்போதும் ஊர் மாறும்போதும் தொலைந்திருக்கும். இருப்பதையாவது, இரண்டு பக்கத்தையும் சேர்த்துத் தேதிவாரியாக அடுக்கி வையுங்கள். ஒரு பக்கம் மட்டும் இருந்தால் பேரப்பிள்ளைகள் கணக்கைத் தப்பாகவே கூட்டுவார்கள்.