சுவை நரம்பிழைக்குப் பெயரிடும் முறை

நாவின் முன்பகுதியில் பிறக்கும் சுவைச் செய்தியை மூளைக்குக் கொண்டுசெல்வது, முகநரம்பிலிருந்து பிரிந்து நடுச்செவியின் ஊடே செல்லும் ஒரு மெல்லிய கிளை நரம்பு ஆகும். அதன் ஒற்றை இழையைப் பிரித்தெடுத்து, மயக்கநிலையில் உள்ள விலங்கின் நாவில் சர்க்கரை, உப்பு, அமிலம், கொயினா ஆகியவற்றின் கரைசல்களை மாறிமாறி ஓடவிட்டு, எழும் மின்துடிப்புகளை எண்ணி, எச்சுவைக்கு மிகுதியாகத் துடிக்கிறதோ அச்சுவையின் பெயரையே இழைக்குச் சூட்டுவது சுவை உடலியலில் நிலைத்துவிட்ட முறை. இம்முறை எதிர்ப்பின்றி நிலைபெறவில்லை. 1941-இல் கார்ல் பாஃப்மன் பூனையின் நரம்பில் ஒரே இழை ஒன்றுக்கு மேற்பட்ட சுவைகளுக்குத் துடிப்பதைக் கண்டபின், சுவையை உணர்த்துவது தனி இழை அன்று, பல இழைகளின் துடிப்புக் கோலமே என்னும் கருத்து வலுப்பெற்றது.

அக்கருத்துக்கு மிகக் கடினமான சோதனையாக அமைந்தவை யோரன் ஹெல்லெகன்ட், யூசோ நினோமியா, விக்டோரியா டானிலோவா ஆகியோர் சிம்பன்சியின் நரம்பிழைகளில் நிகழ்த்தி, 1990-களின் பிற்பகுதியில் வெளியிட்ட ஆய்வுகள். அவர்கள் கருவியாகக் கொண்டவற்றுள் ஒன்று, நம் வேலிகளில் படரும் சிறுகுறிஞ்சானின் இலையில் உள்ள ஜிம்னீமிக் அமிலம். அவ்விலையை மென்றபின் சர்க்கரை வெறும் மணலாகத் தோன்றுவதை நம்மவர் நெடுங்காலமாக அறிவர். சிம்பன்சியின் நாவில் அதனை இட்டபோது இனிப்பு இழைகள் இனிப்புகளுக்குத் துடிப்பதை நிறுத்தின. மற்றொரு கருவி, மேற்கு ஆப்பிரிக்கப் பழம் ஒன்றிலிருந்து கிடைக்கும் மிராகுலின் என்னும் புரதம்; இது புளிப்பை மனிதருக்கு இனிப்பாக்குவது. இதனை இட்டபின், முன்பு அமிலத்தைப் பொருட்படுத்தாதிருந்த இனிப்பு இழைகள் அமிலத்துக்கும் துடித்தன. மனிதர் சொல்லும் சுவை எத்திசையில் மாறுகிறதோ அத்திசையிலேயே இழையின் துடிப்பும் மாறியதால், பெயர் சூட்டும் முறையின் ஆற்றலைக் காட்ட இதனினும் சிறந்த சான்று இல்லை எனலாம்.

எனினும், அச்சான்றில் ஓர் இடைவெளி உண்டு: சுவையைச் சொல்பவர் மனிதர், துடிப்பது சிம்பன்சியின் இழை. முறையிலும் குறைகள் உண்டு. இவ்வகை ஆய்வுகளில் பெரும்பாலும் ஒவ்வொரு சுவைக்கும் ஒரே செறிவுள்ள கரைசல் தேர்ந்தெடுக்கப்படுகிறது. செறிவு மாறினால் இழையின் முதன்மைச் சுவையும் மாறக்கூடும். இழைகளை ஒற்றுமை கண்டு தொகுக்கும் கொத்துப் பகுப்பாய்வு, எத்தரவைக் கொடுத்தாலும் கொத்துகளைத் தந்தே தீரும். இழைகளின் ஒற்றுமையைக் கிளைகளாகக் காட்டும் அதன் மரவடிவ வரைபடத்தை எவ்வுயரத்தில் வெட்டிக் கொத்துகளாக்குவது என்பதை முடிவு செய்பவர் ஆய்வாளர். குறித்த சில நொடிகளில் எழுந்த துடிப்புகளின் கூட்டுத்தொகை மட்டும் கணக்கில் கொள்ளப்படுவதால், அவை அடுத்தடுத்து எழுந்த காலவொழுங்கு கைவிடப்படுகிறது. தவிரவும், காட்டில் சிம்பன்சி உண்ணும் கனியில் இனிப்பும் புளிப்பும் கலந்தே இருக்க, ஆய்வகத்தில் அவை ஒன்றையொன்று தீண்டாமல் வருகின்றன.

இக்குறைகள் எல்லாச் சுவைகளையும் ஒரே அளவில் தாக்குவதில்லை. பல பாலூட்டிகளில் அமிலத்துக்குத் துடிக்கும் இழைகள் உப்புக்கும் துடிப்பதால், புளிப்பு இழை என்னும் பெயர் இன்றும் எண்ணிக்கை வசதிக்காக இடப்பட்டதாகவே நிற்கிறது. இனிப்பு இழை என்னும் பெயருக்கோ சிறுகுறிஞ்சானும் மிராகுலினும் அளித்த சான்று உண்டு.