குடலை இட்லியைத் தேடிப் போகலாமா?

முதல் முறை நான் போய்ச் சேர்ந்தபோது காலை பதினொன்றாகிவிட்டது. சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் பிரசாதம் தரும் இடத்தில் நின்றிருந்த பெரியவரிடம், "சாமி, குடலை இட்லி இருக்கா?" என்று கேட்டேன். "ஆயிடுத்தே! காலம்பற வந்திருக்கணும் நீங்க" என்றார். தாமதம் என்னுடையது. புளியோதரையை வாங்கிக்கொண்டு சென்னைக்குத் திரும்பினேன். அடுத்த முறை முந்தின நாள் இரவே போய்த் தங்கி, விடியலில் கோயிலுக்குள் இருக்கும் அத்திகிரியின் படிகளை ஏறிப் பெருமாளைச் சேவித்துவிட்டு வந்தபோது ஒரு துண்டு கிடைத்தது. அதன் பிறகு நான்கைந்து தடவை போயிருக்கிறேன். காஞ்சிபுரம் இட்லி என்ற பெயரில் சென்னை ஓட்டல்களில் கிடைப்பதையும் வேண்டிய அளவுக்குச் சாப்பிட்டுவிட்டேன். மூங்கில் கூடையான குடலை ஒன்றை வாங்கி வந்து வீட்டிலும் அவித்துப் பார்த்தாயிற்று. இத்தனை அலைச்சல் ஒரு துண்டு இட்லிக்குத் தகுமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 'தெய்வீகச் சுவை' என்று சொல்லித் தப்பிக்காமல் பதில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் பண்டத்தைப் பார்ப்போம். கையில் வாங்கிய துண்டு வெள்ளையாக இல்லை. லேசாகப் பழுத்த நிறம், மேலே நெய்யின் மினுமினுப்பு. வெட்டுவாயில் ஒன்றிரண்டாக உடைத்த மிளகும் சீரகமும் தெரிந்தன. ஓரத்தைத் திருப்பிப் பார்த்தால், குடலைக்குள் சுற்றிவைத்த மந்தாரை இலையின் நரம்புகள் ரேகை ரேகையாக இட்லியின் மேல் பதிந்திருந்தன. விரலால் அழுத்தினால் பஞ்சுபோல அமுங்கி எழவில்லை, பொலபொலவென்று உதிர்ந்தது. வாயில் முதலில் வந்தது புளிப்பு, பின்னாலேயே சுக்கின் காரம், கடைசியில் பெருங்காயமும் காய்ந்த இலையின் வாசனையும். மிளகாய் கிடையாது. கடல் கடந்து வந்த மிளகாயைப் பெருமாள் கோயில் மடப்பள்ளிகள் இன்றும் சேர்ப்பதில்லை, காரத்துக்கு மிளகுதான். சட்னியும் சாம்பாரும் இல்லாமலேயே அந்தத் துண்டு உள்ளே போனது.

ஏமாந்து திரும்புகிறவர்களில் பாதிப் பேர் இதை மல்லிகைப்பூ இட்லியின் அளவுகோலால் அளக்கிறவர்கள். 'கெட்டியாக இருக்கிறது, ஆறிப்போயிருக்கிறது' என்பார்கள். இரண்டும் உண்மை. ஆனால் மென்மை இந்த இட்லியின் நோக்கமே அல்ல. மாவைக் கொரகொரப்பாக அரைப்பதும், வீட்டு இட்லியைவிட உளுந்தைக் கூட்டிப் போடுவதும், நெய் ஊற்றுவதும், மிளகும் சுக்கும் சேர்ப்பதும் ஓர் இரவு தாண்டியும் கெடாமல் நிற்கிற பண்டத்துக்கான ஏற்பாடு. அந்த நோக்கத்தை வைத்துப் பார்த்தால் இது தேர்ந்த வேலை. ஆறிய பிறகும் சுவை குறையாத இட்லி வேறு எங்கே இருக்கிறது?

வேலையின் நுட்பம் அவிப்பதில் இருக்கிறது. வீட்டு இட்லி நடுவில் மூன்று சென்டிமீட்டர் தடிமன் இருக்கும், பத்து நிமிடத்தில் வெந்துவிடும். குடலையின் குறுக்களவு அதைப்போல நான்கு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பொருளின் நடுப்பகுதிக்குச் சூடு போய்ச் சேரும் நேரம் ஏறக்குறைய தடிமனின் வர்க்கத்தை ஒட்டிக் கூடும். நான்கு மடங்கு தடிமனுக்குப் பதினாறு மடங்கு நேரம், அதாவது 160 நிமிடம். கோயில் இட்லி வேக மூன்று மணி நேரம் என்று சொல்வது வெறும் பெருமைப்பேச்சு இல்லை, கணக்கும் அதையே சொல்கிறது. இவ்வளவு நேரம் ஆவியில் இருக்கும் மாவு நசநசத்துப் போகாமல் இருப்பதற்குக் காரணம் மூங்கில். ஆவி பின்னலின் வழியாகப் பக்கவாட்டிலும் நுழைகிறது, குளிர்ந்து நீராகும் துளி அதே பின்னலின் வழியாக வடிந்துவிடுகிறது. குடலைக்குப் பதிலாகச் சிலர் வைக்கும் எவர்சில்வர் டம்ளரில் இது நடக்காது. ஆவி மேலே மட்டும்தான் படும், தண்ணீருக்கு வெளியேற வழியில்லை. டம்ளர் இட்லியின் தலை ஈரமாகவும் அடி களியாகவும் இருப்பது சமையல்காரரின் குறையல்ல, பாத்திரத்தின் குணம். பூப்பறிக்கும் கூடைக்கும் குடலை என்றே பெயர். நந்தவனத்துக்குப் போகிற கூடையின் தம்பி ஒருவன் மடப்பள்ளிக்குள் போய்விட்டான் என்று எனக்குத் தோன்றும்.

அடுத்து, இது காஞ்சிபுரத்தில் மட்டும்தான் சாத்தியமா? 'அந்த ஊர்த் தண்ணி அப்படி' என்று நம்மவர்கள் எதற்கும் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. இட்லி மாவைப் புளிக்கவைத்து உப்பவைக்கும் வேலையில் பெரும்பங்கு லியூகோனோஸ்டாக் என்ற பாக்டீரியாவுடையது. அது உளுந்தோடும் அரிசியோடும் தானே வந்து சேர்கிறது. யாரும் உறை ஊற்ற வேண்டியதில்லை, எந்த மடப்பள்ளியும் அதைப் பூட்டி வைத்திருக்கவும் முடியாது. முப்பது டிகிரியை ஒட்டிய வெப்பம் இருந்தால் திருநெல்வேலியிலும் யாழ்ப்பாணத்திலும் மாவு அதேபோலப் பொங்கும்.

பழமையைக் காட்டி வரும் வாதமும் என்னிடம் எடுபடாது. பல்லவர் காலத்து இட்லி என்று சொல்வோர் உண்டு. இட்லியின் எழுத்துச் சான்றுகளில் பழையது என்று உணவு வரலாற்றாசிரியர் கே.டி. அச்சயா காட்டுவது கி.பி. 920ஐ ஒட்டிய வட்டாராதனை என்ற கன்னட நூல். பிந்தைய சான்று ஒன்று 1130ஐ ஒட்டிய மானசோல்லாசம். இரண்டிலும் உளுந்து மட்டும்தான், அரிசியும் இல்லை, புளிக்கவைப்பதும் இல்லை. பல்லவர் ஆட்சி அதற்கு முன்பே முடிந்துவிட்டது. அமுதுபடிக்கு நிலமும் பொன்னும் விட்ட செய்திகள் காஞ்சிக் கோயில் சுவர்களில் ஏராளமாக உண்டு. அந்தக் கல்வெட்டுகளின் மதிப்பு பெரியது. அதைக் காட்டி இன்றைய துண்டின் சுவையைக் கூட்டிச் சொல்வது சரியல்ல.

அரிதானதைத் தேடி அலையும் பழக்கம் உலகெங்கும் இருக்கிறது. அதில் இந்த வழக்குக்கு மிக நெருங்கிய ஒன்று பீர் பிரியர்களுடையது. பெல்ஜியத்தில் வெஸ்ட்ஃப்ளேட்டெரன் என்ற சிற்றூரில் புனித சிக்ஸ்டஸ் மடம் இருக்கிறது. அங்குள்ள துறவிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து பீர் காய்ச்சுகிறார்கள். 2005இல் பீர் ரசிகர்களின் தரவரிசை ஒன்றில் அவர்களுடைய 12ஆம் எண் பீர் உலகிலேயே சிறந்தது என்று வந்தது. மடத்து வாசலில் கார்கள் வரிசை கட்டின. துறவிகள் உற்பத்தியைக் கூட்டவில்லை. முன்கூட்டியே தொலைபேசியில் பதிவு செய்து, கார் எண்ணைச் சொல்லி, மடத்துக்கே போய் வாங்க வேண்டும், வாங்கியதை விற்கக்கூடாது என்று அப்போது விதி வைத்தார்கள். அந்நாளில் புட்டியில் லேபிள்கூடக் கிடையாது. அவர்கள் காய்ச்சுவது மடம் நடப்பதற்காக, அதற்கு மேல் வேண்டாம் என்பது அவர்கள் நிலை.

இந்தக் கதையில் எனக்கு உறைத்த பகுதி பக்கத்து ஊரில் இருக்கிறது. 1946 முதல் 1992 வரை இதே பீரை வாட்டூ என்ற ஊரில் உள்ள செயின்ட் பெர்னார்டஸ் ஆலை மடத்தின் அனுமதியோடு காய்ச்சி விற்றது. அனுமதி முடிந்த பிறகும் அந்த ஆலை தன் பெயரில் காய்ச்சுகிறது, மடத்தின் பழைய ஈஸ்ட்டை விடவில்லை. மடமோ இன்று வெஸ்ட்மாலே என்ற வேறொரு மடத்திலிருந்து ஈஸ்ட் வாங்குகிறது. ஆக, பழைய ஈஸ்ட்டின் வாரிசு கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் புட்டியில் இருக்கிறது. அதைக் கண்டுகொள்ளாமல் மடத்து வாசலுக்கு ஓடுகிறவர்கள் தேடுவது எதை? சுவையையா, 'எனக்குக் கிடைத்தது' என்று சொல்லிக்கொள்ளும் வாய்ப்பையா? பெங்களூருக்கும் புதுச்சேரிக்கும் வண்டி ஓட்டிக்கொண்டு போய்ப் புதுப்புது பீர் தேடும் நம்மூர் இளைஞர்களிடமும் இதையே கேட்கலாம். என்னிடமும் கேட்டுக்கொண்டேன்.

அரிது என்பதில் இரண்டு வகை உண்டு. காஞ்சிபுரமே இரண்டுக்கும் சாட்சி. அதே வரதராஜர் கோயிலின் அனந்தசரஸ் குளத்துக்குள் இருக்கும் அத்தி வரதர் நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே வருகிறார். 1979க்குப் பிறகு 2019இல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் வைபவம் நடந்தது. ஊர் தாங்காத கூட்டம் வந்தது. அந்த அரிய தன்மைக்கு மாற்று கிடையாது. தவறவிட்டவர் 2059 வரை காத்திருக்க வேண்டும். குடலை இட்லி அப்படிப்பட்டதல்ல. அது ஒன்பது மணிக்குள் போகிறவருக்குக் கிடைக்கும், பதினொரு மணிக்குப் போகிறவருக்குக் கிடைக்காது. அதைத் தேடுவதில் வீரம் எதுவும் இல்லை, அலாரம் வைத்தால் போதும்.

ஓட்டல்களின் பக்கமும் நேர்மையாகப் பேச வேண்டும். காஞ்சிபுரம் இட்லி என்று பட்டியலில் போட்டு, சாதாரண இட்லி மாவில் மிளகு சீரகம் தாளித்துக் கொட்டித் தட்டில் அவிப்பவர்களே அதிகம். அது நல்ல மிளகு இட்லி, அவ்வளவுதான். மாவைக் கொரகொரப்பாக அரைத்து டம்ளரில் அவிப்பவர்கள் பாதி வழி வந்தவர்கள். குடலையும் இலையும் வைத்துப் பொறுமையாக அவிக்கும் சிலரிடம் சாப்பிட்டபோது, கண்ணைக் கட்டிவிட்டிருந்தால் கோயில் துண்டிலிருந்து என்னால் நிச்சயமாகப் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, சரிகையைச் சோதித்துச் சொல்லும் கருவி இருக்கிறது. இட்லிக்கு ஒரே சோதனைதான்: ஓரத்தைத் திருப்பி இலை நரம்பு பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். வழவழவென்று இருந்தால் டம்ளர்.

ஒரு மறுப்பை எதிர்கொள்ளாமல் தீர்ப்புச் சொல்ல முடியாது. அது பிரசாதம், அதை ஓட்டல் இட்லியோடு நிறுத்துப் பார்ப்பதே தவறு என்பார்கள். இதில் நான் அவர்கள் பக்கம்தான், ஆனால் அவர்கள் வாதம் தேடி வருகிறவனுக்குச் சாதகமாக முடியவில்லை. இராமானுசர் இளம் வயதில் சாலைக் கிணற்றிலிருந்து தினமும் தீர்த்தம் சுமந்துவந்து வரதனுக்குச் சமர்ப்பித்தார் என்பது வைணவ மரபு. பூவிருந்தவல்லியிலிருந்து வந்த திருக்கச்சி நம்பி விசிறி வீசிக்கொண்டே பெருமாளோடு பேசினார் என்பதும் அந்த மரபில் வருவதே. இந்த ஊரில் நடை, சுமை, காத்திருப்பு எல்லாம் கொடுப்பதற்காகப் பட்ட பாடு. கைங்கரியம் என்று அதைத்தான் சொல்கிறோம். வாங்குவதற்காகப் படும் பாட்டுக்கு அந்தப் பெயரை ஒட்டவைக்க முடியாது. சேவிக்க வந்தவர் கையில் ஒரு துண்டு விழுந்தால் அது பிரசாதம். கோபுரத்தைத் தாண்டியதும் நேரே இட்லி எங்கே என்று கேட்டு, படம் எடுத்து, இரண்டு வாய் தின்றுவிட்டு மீதியை வைத்துவிட்டுப் போகிறவருக்கு அது வெறும் ஆறிய இட்லி. நடைக்கு வரும் உள்ளூர்ப் பாட்டி ஒருத்திக்குப் போக வேண்டிய துண்டையும் அவர் எடுத்துவிட்டார். அப்படி வீணான துண்டுகளைத் தூண் ஓரத்தில் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

என் முடிவு இதுதான். சென்னையிலிருந்து 75 கிலோமீட்டர், ஒரு விடியல், ஒரு முறை: தகும். கோயில் துண்டு ஒன்றைச் சாப்பிட்டால்தான் அளவுகோல் நாக்கில் ஏறும், அது இல்லாமல் ஓட்டல்காரர் சொல்வதை நம்ப வேண்டியதுதான். இரண்டாம் முறை இட்லிக்காக மட்டும் போவது தகாது. பெருமாளுக்காகப் போகிறவர் எத்தனை முறையும் போகலாம், அவருக்கு இந்தக் கணக்கே கிடையாது. தட்டில் அவித்ததைக் காஞ்சிபுரம் இட்லி என்று கூடுதல் விலைக்கு வாங்குவது எந்த வகையிலும் தகாது.

தேட வேண்டியவை குடலையும் இலையும்தான். காய்ந்த மந்தாரை இலையைத் தண்ணீரில் கொஞ்சம் ஊறவைத்தால் மடங்கும். ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி உள்ளே சுற்றி அடுக்குங்கள், சந்து விட்டால் மாவு மூங்கிலில் பிடித்துக்கொள்ளும். மாவை முக்கால் அளவுக்கு மேல் ஊற்றாதீர்கள். அடியில் தண்ணீர் குறையக் குறைய வெந்நீராகவே சேருங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி அறுந்துபோய் நடு வேகாது. என் முதல் குடலை அப்படித்தான் பாழானது. மூன்றாவது சரியாக வந்தது. இரண்டே முக்கால் மணி நேரம் கழித்து நீளமான மூங்கில் குச்சியை நடுவில் விட்டு எடுத்தபோது மாவு ஒட்டவில்லை. அரை மணி ஆறவிட்டுக் கவிழ்த்தேன். இலையை உரித்தபோது என் மகள் அந்த ரேகைகளின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தாள்.