அளவில்லா லீவு

அன்லிமிடெட் மீல்ஸ் சாப்பிட்டிருக்கிறீர்களா? முதல் ரவுண்டில் இலை நிறையச் சாதம் குவியும். இரண்டாவது ரவுண்டில் சாம்பார் வாளிக்காரர் நம் பக்கமே திரும்ப மாட்டார். மூன்றாவது முறை பொரியல் கேட்டால் ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், நமக்கே வயிறு நிறைந்துவிடும்! அளவுச் சாப்பாட்டில் இந்தத் தொல்லை இல்லை. தட்டில் இருப்பது நம்முடையது. 'அப்பளம் வரலையேப்பா' என்று உரிமையோடு குரல் கொடுக்கலாம்.

ஆபீஸ் லீவிலும் இந்த இரண்டு ரகம் உண்டு.

2023 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் கம்பெனி அமெரிக்காவில் அன்லிமிடெட் போர்டை மாட்டியது. மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்கு இல்லை. சம்பள ஊழியர்களுக்கு மட்டும். வருஷத்துக்கு இத்தனை நாள் என்ற கணக்கே கிடையாது, தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். 10 விடுமுறை நாட்களும், உடம்பு சரியில்லாவிட்டால் எடுக்கும் லீவும் தனி. புதிதாகச் சேர்ந்தவர், லீவு சேரட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டாம். சும்மா சொல்லக்கூடாது, கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால், பி.காம். படித்தவன் புத்தி எங்கே போகும்? எனக்கு பேலன்ஸ் ஷீட்தான் ஞாபகம் வந்தது. நீங்கள் எடுக்காமல் சேர்த்து வைத்த லீவு, கம்பெனிக் கணக்கில் எந்தப் பக்கம் வரும் தெரியுமா? கடன் பக்கம். அது உங்களுக்குத் தரவேண்டிய பாக்கி. கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1982லேயே இதைச் சொல்லிவிட்டது: லீவு என்பது உழைத்துச் சம்பாதித்த கூலி, வேலையை விட்டுப் போகிறவருக்கு அதைக் காசாகக் கொடுத்தாக வேண்டும்.

கணக்கே இல்லை என்றால்? பாக்கி சேராது. போகும்போது கொடுக்கவும் ஒன்றும் இருக்காது. மைக்ரோசாஃப்ட் பழைய பாக்கியை 2023 ஏப்ரலில் பணமாகக் கொடுத்துத் தீர்த்தது. நாணயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அத்தோடு கணக்கு முடிந்தது. இனிமேல் சேர்த்துவைக்க ஒன்றுமில்லை.

காசை விடுங்கள். கேட்கிற தைரியம்? திட்டம் அமலுக்கு வந்தது ஜனவரி 16. இரண்டே நாளில், 18ஆம் தேதி, 10,000 பேரை வேலையைவிட்டு அனுப்பப் போவதாக அதே கம்பெனி அறிவித்தது. இரண்டுக்கும் நான் முடிச்சுப் போடவில்லை. ஆனால், லிஸ்ட்டில் யார் பெயர் இருக்கிறதோ என்று ஆபீஸே கிசுகிசுக்கும்போது, 'சார், மூணு வாரம் லீவு வேணும்' என்று யார் வாய் திறப்பார்கள்? நீங்களே சொல்லுங்கள்.

20 நாள் என்று எழுதி வைத்திருந்தால், அது 'என் லீவு'. கணக்கில்லை என்றால், ஒவ்வொரு நாளும் மேலதிகாரி பார்த்துச் செய்கிற உதவி. முன்பு கம்பெனி உங்களுக்குக் கடன்பட்டிருந்தது. இப்போது நீங்கள் அவருக்கு. கடன் இடம் மாறிவிட்டது, கவனித்தீர்களா?

ஐரோப்பிய யூனியனில் வருஷத்துக்குக் குறைந்தது 4 வாரச் சம்பள லீவு என்று சட்டமே இருக்கிறது. அமெரிக்க மத்தியச் சட்டத்தில் தனியார் ஊழியருக்கு அப்படி ஒரு நாள்கூட இல்லை. கம்பெனி எழுதிக் கொடுக்கும் கணக்குதான் அங்கே பெரும்பாலும் பிடி. அதையும் விட்டுவிட்டால்?

கிக்ஸ்டார்ட்டர் என்ற நியூயார்க் கம்பெனி இந்த அளவில்லா லீவைக் கொடுத்துப் பார்த்தது. 2015ல் அதை நிறுத்திவிட்டு, வருஷத்துக்கு 25 நாள் என்று எழுதி வைத்தது. மறுபடியும் அளவுச் சாப்பாடு!

நாளைக்கு உங்கள் ஆபீஸிலும் இந்த போர்டு வரலாம். கைதட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தட்டுவதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: 'குறைந்தபட்சம் எத்தனை நாள், சார்?' பதில் நம்பராக வந்தால் சரி. சிரிப்பாக வந்தால் உஷார்.

அன்லிமிடெட் மீல்ஸ் போர்டுக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு வரி இருக்கும், பார்த்திருப்பீர்கள்.

'பார்சல் கிடையாது.'