கண்ணகியும் ஆன்டிகனியும்

கம்பம் பள்ளத்தாக்கில், கூடலூரை அடுத்த எல்லை மலைமுகட்டில் உள்ளது மங்கலதேவி கண்ணகி கோயில். ஆண்டுதோறும் சித்திரை முழுநிலா நாளில் மக்கள் மலையேறி வழிபடுவர். இத்துணை அணுக்கமான சிலம்பை உணர்தற்கு அயல்நூல் எற்றுக்கு என வினவுவார் உளர். அவர்க்கு யாம் காட்டுவது, கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்கப் புலவர் சொபோக்ளிசு இயற்றிய 'ஆன்டிகனி' நாடகமாம்.

அரசன் தடுக்கவும் உடன்பிறந்தானுக்கு ஈமக்கடன் ஆற்றிய ஆன்டிகனி, அரசாணையையே மறுக்கின்றாள். கண்ணகியோ அரசமுறையை மறுத்திலள். அது பிழைத்தமையை மெய்ப்பிக்கின்றாள். மகனையும் மனைவியையும் இழந்தும் கிரியோன் வாழ்கின்றான்; பாண்டியனோ பிழையுணர்ந்த பொழுதே உயிர் நீக்கின்றான். எனவே, இருவரையும் அரசை எதிர்த்த மகளிர் என ஒருங்கே அடக்குதல் பொருந்தாது.

சிலம்பு ஒன்றனையே பயின்ற நாளில் பாண்டியன் வீழ்ச்சியை ஊழின் செயலாக மட்டுமே கண்டோம். கிரியோனை அறிந்த பின்னரே அஃது அவன் தனக்குத்தானே வழங்கிய தீர்ப்பு எனத் தெளிந்தோம். அயல்நூற் பயிற்சியின் பயன் இதுவே என்க.