விட்டு வந்த குழுவும் விடாத சொல்லும்

நியூயார்க்கின் வில்லியம்ஸ்பர்க்கில், சத்மார் ஹசீதிய யூதரிடையே வளர்ந்தவர் டெபோரா ஃபெல்ட்மன். இத்திஷ் அவர்தம் தாய்மொழி. ஆங்கில நூல்களை மறைத்து வைத்தே படிக்க நேர்ந்தது. குழுவைவிட்டு வெளியேறிய பின், 2012இல் 'அன்ஆர்த்தடாக்ஸ்' என்னும் தன்வரலாற்றை அந்த ஆங்கிலத்திலேயே வெளியிட்டார். விலக்கப்பட்ட மொழியே விடுதலையின் மொழியாயிற்று என்பது எளிதிற் கிட்டும் விளக்கம். அவர் பெர்லினில் குடியேறிய பின் 2017இல் ஜெர்மனில் வெளிவந்த நூல் அவ்விளக்கத்தை ஐயத்திற்கு உள்ளாக்குகிறது.

அதன் தலைப்பு 'யூபர்பிட்டன்'. இன்றைய ஜெர்மனில் இது வழக்குச்சொல் அன்று. இத்திஷில் 'இபர்பெட்ன்' என்பது, மனம் நொந்தவரிடம் மன்னிப்பு வேண்டி உறவைச் சீராக்குதலைக் குறிக்கும். யோம் கிப்பூர் நோன்பிற்கு முன் யூதர் ஒருவரிடம் ஒருவர் செய்வது. அதன் முன்னொட்டும் வினையும் அப்படியே ஜெர்மன் வடிவம் பெற்றுள்ளன. குழுவைத் துறந்த பின்னைய வாழ்வைப் பேசும் நூலுக்கு, அக்குழுவின் மொழியே பெயர் தருகிறது.

தமிழில் பெயர்ப்போர் இங்குத் தயங்க வேண்டும். 'மன்னிப்பு' எனின், வெளியேறியதே குற்றமாகிவிடும். 'விடுதலை' பதிப்பாளர்க்கு உவப்பானது, மூலத்தில் இல்லாதது. 'ஒப்புரவு' பொருளால் நெருங்கினும் விவிலியத் தமிழின் சாயல் உடையது (குறளின் ஒப்புரவு வேறு). ஒரு சமயக் குழுவை விட்டு வந்தவரை மற்றொரு சமயத்தின் சொல்லுக்குள் அடைத்தல் தகாது. 'பிணக்குத் தீர்த்தல்' அழகற்றதுதான். வேண்டுதற் பொருளும் அதில் விடுபடுகிறது. ஆயினும் பிழை எவருடையது என்பதை அது முடிவு செய்வதில்லை.